சப்பாத்து வேலையை ஒருவரிடம் சேர்ந்து கற்றுக்கொள்ளலாமா?

தம்பி ஒருவர் எழுதிக் கேட்டது இதுதான். பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம் முடித்துவிட்டு, மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் வீட்டோடு இருக்கிறார். டவுனில் அஞ்சடியில், அதாவது கடை முன்னால் உள்ள நடைபாதையில், உட்கார்ந்து சப்பாத்து (ஷூ) தைக்கும் சீனப் பெரியவர் ஒருவரிடம் சம்பளம் இல்லாமலாவது சேர்ந்து தொழில் கற்றுக்கொள்ளலாமா, எத்தனை வருஷம் ஆகும், அதை வைத்துப் பிழைக்க முடியுமா என்று கேட்கிறார். கூடவே, அம்மா பாலிடெக்னிக்கில் சேரச் சொல்கிறார், பாட்டி “அந்த வேலையா” என்று முகம் சுளிக்கிறார் என்று போகிற போக்கில் ஒரு வரி. படித்துப் பார்த்ததில், தம்பி, எத்தனை வருஷம் என்பது உங்களுடைய உண்மையான கேள்வி இல்லை என்று தோன்றியது. அந்தப் பெரியவருக்குத் தெரிந்ததெல்லாம் உங்கள் கைக்கு வருமா, வந்தாலும் அது நாளைக்குச் சோறு போடுமா, இதைத்தான் கேட்கிறீர்கள். நான் ஈப்போவில் ஒரு ஹக்கா சீனத் தவுக்கேயிடம், அதாவது கடை முதலாளியிடம், வேலை பழகி, பிறகு சென்னையில் பேட்டர்ன் (காகித மாதிரி) வெட்டக் கற்று, இப்போது பேராக்கிலேயே உங்கள் ஊரைப் போன்ற ஒரு தோட்டத்து டவுனில் கடை வைத்திருக்கிறேன். தைக்கவும் பழுது பார்க்கவும் தெரியும். தொழிற்சாலை வேலை எனக்கு வெளியிலிருந்து பார்த்த பழக்கம்தான், அதனால் அதைப் பற்றி அதிகம் பேச மாட்டேன்.

சேருங்கள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அங்கே நடப்பது முக்கால்வாசி பழுது பார்க்கும் வேலையாகத்தான் இருக்கும், புதுச் சப்பாத்து செய்வது இருக்காது என்பதை இப்போதே தெரிந்துகொண்டு சேருங்கள். இதைக் குறையாகச் சொல்கிறவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. செய்கிற கடையில் சேர்ந்தால் அந்தக் கடைக்குப் பழக்கமான இரண்டு மூன்று மாதிரிதான் கைக்கு வரும். பழுதுக் கடைக்கோ எல்லா நாட்டுச் சப்பாத்தும் வருகிறது, அதுவும் கெட்டுப்போய் வருகிறது. எந்தத் தையல் முதலில் விடுகிறது, எங்கே தோல் மடிந்து வெடிக்கிறது, விலை கூடியதென்று வாங்கியதற்குள்ளே அட்டையைத்தான் வைத்திருக்கிறார்களா தோலை வைத்திருக்கிறார்களா என்பதெல்லாம் பிரித்துப் பார்க்கும்போதுதான் தெரியும். காசு கொடுத்தும் வாங்க முடியாத படிப்பு அது, அங்கே தினமும் கடை வாசலுக்கே வருகிறது.

ஒரு உதாரணம் சொல்கிறேன், ஏனென்றால் இந்த ஊர்களில் இதுதான் அதிகம் வரும். கல்யாணத்துக்கு என்று பெட்டியில் பத்திரமாக வைத்திருந்த சப்பாத்தை எடுத்துப் போட்டு நாலு எட்டு வைப்பதற்குள் சோல் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும். “போடவே இல்லையே அண்ணே” என்று கொண்டு வருவார்கள். போடாததால்தான் என்று முழுசாகச் சொல்ல முடியாது, ஆனால் போடாமல் வைத்ததும் அதைக் காப்பாற்றவில்லை. அந்த சோல் பாலியூரிதேன், சுருக்கமாக பியு. அதில் ஒரு வகை காற்றிலுள்ள ஈரத்தோடு சேர்ந்து உள்ளேயே அறுந்துகொண்டு போகும், நம் நாட்டு வெக்கையும் ஈரமும் அதற்குத் தோதான இடம். காற்றுப் போகாத பெட்டி இன்னும் மோசம். இப்படி உதிர்ந்த சோலை ஒட்டவே கூடாது. இன்றைக்கு ஒட்டினால் நாளைக்கு அந்தப் பசைக்கு மேலேயே உதிரும். மொத்தமாகச் சுரண்டி எடுத்துவிட்டு வேறு ரப்பர் சோல் போட்டு, முடிந்தால் சுற்றித் தைக்க வேண்டும். இதை வாடிக்கையாளருக்கு விளக்கிச் சொல்லத் தெரிந்துவிட்டாலே நீங்கள் பாதித் தொழிலாளி.

சரி, அவரிடம் வரிசையாக என்னென்ன கிடைக்கும்? முதலில் கத்தி தீட்டுவது. சிரிக்காதீர்கள், மழுங்கிய கத்தியால் தோலைச் சீவினால் ஓரம் பிசிறும், இல்லையென்றால் கத்தி வழுக்கி உங்கள் பெருவிரலுக்குப் போகும். அப்புறம் பிரிப்பது, பழைய பசையைத் தேய்த்து எடுப்பது, குத்தூசியால் துளை போட்டு மெழுகு நூலால் இரண்டு பக்கமும் இழுத்துத் தைப்பது. தையல் ஒரே சீராக வரும் வரை அவர் நல்ல சப்பாத்து எதையும் உங்கள் கையில் தர மாட்டார், தரவும் கூடாது. பினாங்கில் பிறந்து லண்டனில் பேர் எடுத்த ஜிம்மி சூ சப்பாத்துக்காரரான தன் அப்பாவிடம்தான் வேலை பழகினார். முதலில் மாதக்கணக்கில் உட்கார்ந்து பார்க்க மட்டுமே அப்பா விட்டார் என்று அவரே சொல்லியிருக்கிறார். உங்கள் பெரியவரும் அப்படிச் செய்தால் கோபப்படாதீர்கள். அதே சமயம், பார்க்க விடுவது வேறு, டீ வாங்கவும் கடை கூட்டவும் மட்டும் வைத்துக்கொள்வது வேறு. இரண்டு மூன்று மாதம் ஆகியும் கையில் ஊசி வரவில்லை என்றால் வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள்.

கையால் தைத்துப் பழுது பார்க்க, ஒழுங்காக உட்கார்ந்தால், ஒரு வருஷத்தில் ஓரளவுக்கு வந்துவிடும். இதை ஓரளவு உறுதியாகவே சொல்வேன், என்னிடம் பழகிய பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன். முழுச் சப்பாத்து செய்ய எத்தனை காலம் என்று யார் கணக்குச் சொன்னாலும் நம்பாதீர்கள், நான் சொன்னாலும். அது கையைப் பொறுத்தது, அதைவிட எத்தனை ஜோடி செய்யக் கிடைக்கிறது என்பதைப் பொறுத்தது.

இப்போது, அங்கே கிடைக்காதது. புதுச் சப்பாத்துக்கு உயிர் தைப்பதில் இல்லை, கால் அச்சில் இருக்கிறது, அந்த அச்சுக்கு ஏற்ற மாதிரி காகிதத்தில் வெட்டும் பேட்டர்னில் இருக்கிறது. மரத்திலோ பிளாஸ்டிக்கிலோ வரும் அந்த அச்சு பாதத்தின் நகல் இல்லை. விரலுக்கு முன்னால் இடம் விட்டு, குதிகாலில் கொஞ்சம் இறுக்கி, ஹீல் உயரத்துக்குத் தக்கபடி வளைத்துச் செய்தது. அளவைப் பாருங்கள்: ஐரோப்பிய அளவில் ஒரு நம்பர் என்றால் 6.67 மில்லிமீட்டர், இங்கிலாந்து அளவில் ஒரு நம்பர் என்றால் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, கிட்டத்தட்ட 8.5 மில்லிமீட்டர். அதனால்தான் இங்கிலாந்து 8-ம் ஐரோப்பிய 42-ம் ஏறக்குறைய ஒரே இடத்தில், 28 சென்டிமீட்டர் நீள அச்சில், வந்து நிற்கின்றன, ஆனால் அதற்கு மேலும் கீழும் போனால் அரை நம்பர் இடிக்கும். நீளம் இவ்வளவுதான். பாதத்தின் சுற்றளவு தனிக் கணக்கு, நம் ஆட்கள் நிறையப் பேருக்குப் பாதம் முன்னால் அகலம், சின்ன வயதில் வெறுங்காலோடு நடந்ததாலா என்று கேட்டால், இருக்கலாம், என்னால் அடித்துச் சொல்ல முடியாது. பழுதுக் கடைப் பெரியவர் பலருக்கு இந்தக் கணக்கு கையில் இருக்கும், வாயில் வராது. காகிதத்தில் வரைந்து சொல்லித்தருவது அவருக்குப் பழக்கம் இல்லாத வேலை.

தோல் வெட்டுவதும் அப்படித்தான். ஒரு முழுத் தோலில் முதுகுப் பக்கம் இறுக்கமாக இருக்கும், வயிற்றுப் பக்கம் தொளதொளவென்று இழுபடும். முன்பக்கத் துண்டை முதுகிலிருந்துதான் எடுக்க வேண்டும், அதுவும் மூக்கிலிருந்து குதிகாலுக்குப் போகும் திசையில் தோல் இழுபடாதபடி வைத்து வெட்ட வேண்டும். வயிற்றுத் தோலில் வெட்டியது கடையில் அழகாகத்தான் இருக்கும், ஒரு மாதம் போட்டால் வாய் பிளந்த தவளை. பிறகு மேல்தோலை ஈரப்படுத்தி, அச்சில் மாட்டி, குறடால் மூக்கில் ஒரு இழுப்பு, இரண்டு பக்கமும் ஒவ்வொன்று, பிறகு குதிகால் என்று ஆணி வைத்து இறக்குவது. இழுத்ததைச் சில நாளாவது அச்சிலேயே விட வேண்டும், மழைக்காலத்தில் இன்னும் கூட. அவசரப்பட்டு அச்சைக் கழற்றினால் வடிவம் நிற்காது. சோலை மேல்தோலோடு சேர்க்க ஒட்டுவது, உள்ளிருந்து நேராகத் தைப்பது, சுற்றி வெல்ட் என்ற தோல் பட்டை வைத்துத் தைப்பது என்று பல முறை உண்டு. வெல்ட் வைத்ததுதான் திரும்பத் திரும்ப சோல் மாற்றத் தாங்கும். வருகிற பழுதில் வெல்ட் வைத்த சப்பாத்து ஏதாவது அகப்பட்டால், அது நல்ல விலைச் சரக்காக இல்லாவிட்டாலும், பிரிக்கும்போது பக்கத்திலேயே இருந்து பாருங்கள்.

ஒரு சின்ன விலகல், தோட்டத்துப் பிள்ளை என்பதால். இயந்திரத்தில் தைக்கும் வெல்ட்டை குட்இயர் வெல்ட் என்பார்கள். டயர் கம்பெனிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கித்தாவை, அதாவது ரப்பரை, கந்தகத்தோடு சூடாக்கி உறுதியாக்கிய சார்ல்ஸ் குட்இயரின் மகன் பேரில் வந்தது அது. மகன் சப்பாத்து இயந்திரம், அப்பா ரப்பர். நம் தாத்தா பாட்டிகள் விடியக்காலையில் எழுந்து வெட்டிய ரப்பர் பாலில்தான் கிரேப் என்ற பச்சை ரப்பர் சோலும் டென்னிஸ் சப்பாத்தும் உலகம் பூராவும் நடந்தன. இன்றைக்கும் காட்டில் நடக்கிறவர்கள் தேடி வாங்கும், “கம்போங் அடிடாஸ்” என்று கேலியாகப் பெயர் வைத்த அந்த வார்ப்பு ரப்பர் சப்பாத்து முதலில் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர்கள் காலில் இருந்ததுதான். கிரேப் சோல் கிடைத்தால் வாங்கிப் பழகுங்கள், கத்திக்கு நன்றாக இடம் கொடுக்கும், எண்ணெய் பட்டால் மட்டும் கெட்டுவிடும். செம்பனை ஆலையில் வேலை செய்கிறவருக்குப் போட்டுக் கொடுக்காதீர்கள்.

பசையைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பழைய ஆட்கள் இதை அலட்சியமாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். கடைகளில் சாதாரணமாக இருக்கும் மஞ்சள் கம், நியோபிரீன். தோலுக்கும் ரப்பருக்கும் அது நன்றாகப் பிடிக்கும். பிவிசி சோலுக்குப் பிடிக்காது, அந்த பிளாஸ்டிக்கை மெதுவாக்கச் சேர்த்த எண்ணெய் வெளியே வந்து பசையை இளக்கிவிடும், அதற்கு பியு பசைதான் வேண்டும், அடியில் தடவும் பிரைமரோடு. இரண்டு பக்கமும் தடவி, தொட்டால் விரலில் ஒட்டாத வரை காயவிட்டு, பிறகு சேர்த்து அடிக்க வேண்டும். ஈரமாகவே ஒட்டியதுதான் பாதிப் பழுதுக்குக் காரணம். இதெல்லாம் கைவேலை. உடம்புக்கு வருவது வேறு. இந்தப் பசைகளில் கரைப்பானாகப் போடும் டொலுயீன், ஹெக்சேன் எல்லாம் மூச்சில் போகிறவை. ஹெக்சேன் நரம்பைக் கெடுக்கும், கை கால் மரத்துப் போகும், 1960-களில் ஜப்பானில் வீட்டில் உட்கார்ந்து செருப்பு ஒட்டியவர்களுக்கு இப்படி வந்தது மருத்துவத்தில் பதிவாகியிருக்கிறது. அதற்கு முன்னால் பயன்பட்ட பென்சீன் இன்னும் மோசம், துருக்கியில் சப்பாத்துத் தொழிலாளிகளுக்கு அதனால் ரத்தப் புற்றுநோய் வந்தது. தோலைத் தேய்க்கும்போது பறக்கும் தூசு மூக்கில் புற்றுநோய் தரக்கூடியது என்று உலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனமும் சொல்லியிருக்கிறது. பயந்து ஓட வேண்டாம். அஞ்சடியில் காற்றோட்டத்தில் ஒட்டுகிறவருக்கு ஆபத்து குறைவு, கதவு சாத்திய அறையில், ஏர்கோன் போட்டு ஒட்டுகிறவருக்குத்தான் அதிகம். விசிறியை உங்கள் முகத்தை நோக்கி வைக்காமல் புகையை வெளியே தள்ளும்படி வையுங்கள், டப்பாவை மூடியே வைத்திருங்கள், தேய்க்கும்போது முகக்கவசம் போடுங்கள். பெரியவர் சிரித்தால் சிரிக்கட்டும்.

சம்பளம். இலவசமாகவே சேர்கிறேன் என்று நீங்களே முதலில் சொல்லாதீர்கள். முதல் மாதம் பார்க்கிறேன், பிறகு சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும் ஏதாவது கொடுங்கள், கை பழகியதும் நான் முடித்த வேலையில் ஒரு பங்கு என்று பேசுங்கள். பேசியதை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுவிடுங்கள், அவருக்குப் படிக்கச் சிரமம் என்றால் பிள்ளைகளை வைத்துக்கொண்டு மலாயில் எழுதுங்கள். முதியவர் மனசு கோணும் என்று தயங்காதீர்கள். இந்த நாட்டு வேலைச் சட்டத்திலேயே தொழில் பழகும் ஒப்பந்தம் எழுத்தில்தான் இருக்க வேண்டும் என்று உண்டு, காலமும் குறைந்தது 6 மாதம், அதிகம் 24 மாதம் என்று வரையறுத்திருக்கிறது, 2023-லிருந்து. அஞ்சடிக் கடைக்கு இதெல்லாம் அப்படியே பொருந்துமா என்பது வேலை அலுவலகத்தில் கேட்க வேண்டியது. ஆனால் 24 மாதம் என்ற எல்லையை நீங்களே மனதில் போட்டுக்கொள்வது நல்லது. சான்றிதழ் வேண்டும் என்றால் ஜேபிகே, அதாவது திறன் மேம்பாட்டுத் துறை, இருக்கிறது. எஸ்எல்டிஎன் என்ற முறையில் 70 முதல் 80 விழுக்காடு வேலையிடத்திலும் மீதி பயிற்சி நிலையத்திலும் படிக்கலாம், ஆனால் அதற்கு முதலாளி அங்கே பதிவு செய்திருக்க வேண்டும், ஒற்றை ஆள் கடையில் அது நடக்காது. வேலை கற்ற பிறகு அனுபவத்தைக் காட்டி எஸ்கேஎம் என்ற மலேசியத் திறன் சான்றிதழ் வாங்கும் வழியும் உண்டு. எதற்குப் பணம் கட்டும் முன்பும், சப்பாத்துத் தொழில் அவர்கள் பட்டியலில் எந்த நிலை வரை இருக்கிறது என்று நேரில் கேட்டுவிடுங்கள்.

பேட்டர்னுக்கும் அச்சுக்கும் என் யோசனை, முதலில் இங்கே கை பழகி, கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் சென்னைக்குப் போய் வருவது. கிண்டியில் மத்திய அரசின் காலணிப் பயிற்சி நிலையம் இருக்கிறது, சிஎஃப்டிஐ என்பார்கள், குறுகிய காலப் பயிற்சியிலிருந்து டிப்ளோமா வரை நடத்துகிறார்கள். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் முழுக்கத் தோலும் சப்பாத்தும்தான், அங்கே தமிழிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்பது நமக்கு இருக்கிற பெரிய வசதி, சீனப் பிள்ளைகளுக்குக் கூட இல்லை. வெளிநாட்டு மாணவருக்கான விதியும் விசாவும் முதலில் எழுதிக் கேளுங்கள். கைவேலை தெரியாமல் நேராக அங்கே போனால் பாதி வகுப்பு தலைக்கு மேலே போகும்.

பிழைப்புக்கு வருவோம். இப்போது குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி (ரிங்கிட்), மணிக்கணக்கில் 8.72 வெள்ளி. வெல்ட் வைத்து முழுக்கக் கையால் ஒரு ஜோடி செய்ய 30 மணி நேரம் என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும் கூலி மட்டும் 260 வெள்ளி தாண்டுகிறது, அதுவும் குறைந்தபட்சக் கூலியில், தோல் விலை சேர்க்காமல். பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் ஐம்பது வெள்ளிக்குள் சப்பாத்து கிடைக்கிற ஊரில் இதை யார் வாங்குவார்? சிலர் வாங்குவார்கள், ஆனால் அவர்கள் உங்கள் ஊரில் இருக்க மாட்டார்கள், ஈப்போவிலும் கோலாலம்பூரிலும் இருப்பார்கள், போனில் படம் பார்த்துக் கேட்பார்கள். அதை நம்பி இன்றைக்கே இறங்க வேண்டாம். பழுதுதான் வாடகை கட்டும். பள்ளிச் சப்பாத்து வெள்ளையிலிருந்து கறுப்புக்கு மாறியது, 2021-லிருந்து கட்டாயம், கறுப்பில் தைத்தது தெரிவதில்லை என்பதால் பிரித்துத் தைக்கக் கொண்டு வருகிற தாய்மார் என் கடைக்கு இப்போது கூடுதலாகவே வருகிறார்கள். பெல்ட், பள்ளிப்பை, கைப்பை, ஹெல்மெட் வார் என்று தோல் ஊசி போகிற எல்லாமும் வரும். ஆலைக்குப் போகிறவர்களின் பாதுகாப்பு பூட்ஸும் வரும், அதன் சோலைத் தைக்கலாம், ஆனால் முன்னால் உள்ள இரும்பு மூக்குப் பக்கம் கை வைக்காதீர்கள், அது சோதித்துச் சான்று வாங்கிய பொருள்.

இன்னொன்று, எனக்கு நம்பிக்கை உள்ள வேலை இது. இனிப்பு நீர் (நீரிழிவு) உள்ளவர்களுக்கான சப்பாத்து. 2019-ல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு அந்த நோய், அதிலும் இந்தியர்களிடம்தான் அதிகம். காலில் உணர்ச்சி குறைந்தவருக்கு முன்பக்கம் அகலமாக, உள்ளே தையல் உரசாமல், மெத்தென்ற உள்சோலோடு வேண்டும். தோட்டத்து வயசாளிகள் இன்றைக்கும் ஜப்பான் சிலிப்பர் போட்டுக்கொண்டு புண்ணோடு நடக்கிறார்கள். ஆனால் எச்சரிக்கை: புண் இருக்கிற, எலும்பு வடிவம் மாறிய கால் உங்களுடைய வேலை இல்லை, என்னுடைய வேலையும் இல்லை, ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். அகலமான, உரசாத சாதாரணச் சப்பாத்து செய்து கொடுப்பது வரைதான் நம் எல்லை.

பாட்டி விஷயம். அவர் ஏன் சுளிக்கிறார் என்பது உங்களுக்கும் தெரியும் எனக்கும் தெரியும், கப்பலில் வந்த சாமான்களோடு சாதியும் ஏறி வந்தது, தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் யார் எந்தக் கோடியில் குடியிருந்தார்கள் என்பது வரை. தோல் தொடுகிற வேலை யாருடையது என்று அவர் மனதில் எழுதி வைத்ததை வாதாடி அழிக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. என் வீட்டிலும் பேச்சு இருந்தது, கடை வாடகையும் வீட்டுச் செலவும் அதிலிருந்தே வர ஆரம்பித்த பிறகு பேச்சு குறைந்தது, முழுசாக நிற்கவில்லை. அவருக்காக வேலையின் பேரை மாற்றிச் சொல்லாதீர்கள், “டிசைன் படிக்கிறேன்” என்று சொல்லிவிட்டு அஞ்சடியில் உட்கார்ந்தால் டவுனுக்கு வருகிற யாராவது பார்த்துச் சொல்லிவிடுவார்கள். அம்மா பாலிடெக்னிக் என்கிறார் அல்லவா, அதற்கு விண்ணப்பமும் போட்டு வையுங்கள். இடம் வந்து சேர நாள் ஆகும், அந்த மாதங்களில் கடைக்குப் போய்ப் பாருங்கள், உங்களுக்கு இந்த வேலை ஒட்டுமா என்பது அதற்குள் தெரிந்துவிடும்.

பெரியவரிடம் கேட்கப் போகும்போது வெறுங்கையோடு போகாமல், வீட்டில் கிடக்கும் சோல் விட்ட சப்பாத்து ஒன்றை எடுத்துக்கொண்டு வாடிக்கையாளராகப் போங்கள். செய்து தரும் வரை பக்கத்தில் நின்று பார்க்கலாமா என்று கேளுங்கள். விரட்டினால் அடுத்த வாரம் இன்னொன்றைக் கொண்டு போங்கள். காலையில் போகாதீர்கள், வேலைக்குப் போகிற வழியில் சாமானை வாங்க வருகிறவர்கள் நிற்பார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் அவருக்குப் பேச நேரம் இருக்கும்.